ஈர எடையா, உலர் எடையா: பூம்புகார்க் கரையில் ஒரு கடல் முள்ளெலி வழக்கு

மார்ச் மாதக் கடைசியில் ஓர் ஆய்வக அறிக்கை என் மேசைக்கு வந்தது. ஒரே தாள். காட்மியம் என்ற நச்சு உலோகத்தின் பெயருக்கு நேரே இருந்த எண்ணை யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் ‘விஷம்’ என்று எழுதியிருந்தார்கள். தாள் எனக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் புகைப்படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்விட்டது. பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில் இருக்கும் அந்த மீனவர் கிராமத்தில் நண்டு ஏலம் சரிந்தது. வியாபாரிகள் கூடையை எட்டிப் பார்த்துவிட்டு, “உங்கள் கடலில் ஏதோ கலந்திருக்கிறதாமே” என்றார்கள். விலையைக் குறைக்கக் காரணம் தேடிக்கொண்டிருப்பவர் கையில் முத்திரை வைத்த தாள் ஒன்று கிடைத்தால் விடுவாரா?

அறிக்கை நண்டைப் பற்றியதே இல்லை. அது கடல் முள்ளெலியைப் பற்றியது. உருண்டை ஓட்டில் முள் முளைத்த, நம் கரையில் யாரும் தின்னாத உயிரி அது.

நான் மயிலாடுதுறைப் பக்கத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அந்த மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொன்னவனும் நானே. இங்கே எழுதப்போகும் தவறுகளில் ஒரு பங்கு என்னுடையது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நடந்தது

அந்த ஊரில் பைபர் படகு வைத்து நண்டு வலை விடுகிற ஒருவர். அந்த ஆண்டு தை, மாசியில் அவர் வலையில் நண்டைவிட முள்ளெலி அதிகமாக ஏறியது. வலைக்கண்ணில் முள் மாட்டினால் எடுப்பது பெரும்பாடு. பெண்கள் கரையில் உட்கார்ந்து கட்டையால் தட்டி, ஓட்டை நொறுக்கி, துண்டு துண்டாக உதறுவார்கள். இரண்டு மணி நேர வேலை, பைசா வரவு கிடையாது. புத்தகத்தில் கடல் முள்ளெலி என்று பெயர். அந்த வீட்டில் வெறுமனே ‘முள்ளு’.

சென்னையிலிருந்து வந்த தரகர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, ஜப்பானிய உணவகங்களில் இதன் உள்ளே இருக்கும் மஞ்சள் சதைக்கு நல்ல விலை உண்டு, சுத்தமான பொருள் என்று ஆய்வகச் சான்று இருந்தால் பேசலாம் என்று சொல்லிப் போனார். படகுக்காரரின் அண்ணன் மகள் முதுகலை விலங்கியல் படிக்கிறாள். அவள் என்னிடம் வந்தாள். “ஐயா, கன உலோகம் பார்க்க வேண்டுமாம், எங்கே அனுப்பலாம்?” நான் ஒரு தனியார் ஆய்வகத்தைச் சொன்னேன். எப்படி எடுக்க வேண்டும், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அவள் கேட்கவில்லை என்பது சாக்கு ஆகாது.

அறிக்கை வந்தது. சதையில் காட்மியம், ஐரோப்பிய ஒன்றியம் மட்டி, சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிரிகளுக்கு வைத்திருக்கும் வரம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. குரோமியமும் துத்தநாகமும் கண்ணை உறுத்தும் அளவு. ஆர்செனிக்கும் இருந்தது. மாணவி அதைத் தன் சித்தப்பாவுக்கு அனுப்பினாள், சித்தப்பா வீட்டுப் பிள்ளை நண்பனுக்கு அனுப்பினான். அதற்குப் பிறகு அது யார் கையிலும் இல்லை.

நேரமும் பொல்லாத நேரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இழுவை மடிகள் கரையில் நிற்கும் அந்த 61 நாட்களில்தான் பைபர் படகுக்காரர் கொண்டுவரும் நண்டுக்கு மதிப்பு. ஆண்டில் நாலு காசு பார்க்கும் பருவம் அது. அதன் வாசலில் இந்த வதந்தி வந்து உட்கார்ந்தது. ஊர்ப் பஞ்சாயத்தார் கூடி, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டு என்னிடம் வந்தாள். அப்போதுதான் நான் தாளை ஒழுங்காகப் படித்தேன்.

முள்ளெலி எதற்குச் சாட்சி

அதற்குமுன் அந்த உயிரியைப் பற்றிச் சில வார்த்தை. நட்சத்திர மீன், கடல் அட்டை இவற்றின் சொந்தக்காரன். ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. அதிலும் மக்னீசியம் கலந்த கால்சைட். வாய் கீழே. ஐந்து பற்கள் கொண்ட அந்தக் கடிப்பொறிக்கு ‘அரிஸ்டாட்டிலின் விளக்கு’ என்று பெயர். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டும். மணலில் வாழ்கிற இனங்கள் அடிமண்ணையும் சேர்த்து விழுங்கும். உள்ளே ஆரஞ்சுச் சுளைபோல ஐந்து இனச்சுரப்பிகள். ஆண் முள்ளெலியிலும் பெண் முள்ளெலியிலும் அவைதான் தின்னும் பகுதி. சோழமண்டலக் கரையின் மணல் அடியில் வலையில் வருபவை பெரும்பாலும் சால்மாசிஸ், டெம்னோப்ளூரஸ் பேரினங்கள். பிலிப்பைன்சிலும் ஓகினாவாவிலும் விரும்பித் தின்னும் டிரிப்னூஸ்டஸ் நமக்குத் தெற்கே, பாக் நீரிணை, மன்னார் வளைகுடாக் கடற்புல் வெளிகளில் உண்டு. நண்டு வலையில் வந்தது அது இல்லை என்பதையே அந்தத் தரகர் கவனித்திருக்கவில்லை.

மாசுக்கு உயிரிகளைச் சாட்சியாக வைக்கும் எண்ணம் பழையது. 1975 இல் அமெரிக்க வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க், கல்லுமேல்காய் இனச் சிப்பிகளை உலகக் கரையெங்கும் எடுத்து அளந்து கடலைக் கண்காணிக்கலாம் என்று யோசனை சொன்னார். 1986 இல் அமெரிக்க அரசே அதைத் தேசியத் திட்டமாக்கியது. மத்தியதரைக் கடலில் அந்த வேலையில் ஒரு பங்கை ஊதா முள்ளெலி செய்கிறது. நகர்வது குறைவு, பல ஆண்டு வாழும், எங்கும் கிடைக்கும், மனிதரும் தின்பார்கள். தண்ணீரை ஒரு குடுவையில் மொண்டு அளந்தால் அந்த நிமிடத்தின் கணக்குத்தான் கிடைக்கும். அங்கேயே மாதக்கணக்கில் மேய்ந்த உயிரியை அளந்தால் மாதக்கணக்கின் கணக்கு கிடைக்கும். ஆனால் அதன் உடம்பில் ஒவ்வோர் உறுப்பும் ஒவ்வொரு கணக்கை வைத்திருக்கிறது. குடலில் உலோகம் மிகுதி, ஏனென்றால் உணவு வருவது அந்த வழி. ஈயம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக்கூடியது. ஆகவே ஓட்டில் போய் உட்காரும். துத்தநாகம் பெண்ணின் இனச்சுரப்பியில் ஆணைவிடப் பல மடங்கு சேரும். முட்டைக்கு அது தேவை, மாசு காரணம் இல்லை.

தாளைப் பிரித்தபோது

முதலில் எடை. அறிக்கையின் மூலையில், மற்ற எழுத்தைவிடச் சின்ன எழுத்தில், ‘உலர் எடை அடிப்படையில்’ என்று இருந்தது. வரம்பு ஈர எடைக்கு. இனச்சுரப்பியில் நாலில் மூன்று பங்குக்கு மேல் தண்ணீர். காயவைத்துப் பொடித்தால் அதே காட்மியம் நாலில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு எடைக்குள் நெருங்கிவிடும். வட்டமிட்ட எண்ணை நாலாலோ ஐந்தாலோ வகுத்தால், இரண்டு மடங்கு மீறல் வரம்பில் பாதியாக இறங்குகிறது. கருவாட்டு விலையைப் பச்சை மீன் விலையோடு ஒப்பிட்டுக் கூச்சல் போட்டது போலத்தான் இது. அந்த ஊரில் இதைச் சொன்னபோது விளக்கமே தேவைப்படவில்லை. நெத்திலி காய்ந்தால் எடை என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆய்வகத்தார் பெரிய எழுத்தில் போடவில்லை, நாங்கள் படித்தவர்கள் பார்க்கவில்லை.

அடுத்து, எந்த வரம்பு? காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் இரட்டை ஓட்டு உயிரிகளில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2 மில்லிகிராம் என்கிறது. ஐரோப்பிய அட்டவணையில் முள்ளெலி என்ற பெயரே கிடையாது. அறிக்கை எழுதியவர் பக்கத்து வீட்டு அளவுகோலை இரவல் வாங்கியிருக்கிறார். இரவல் வாங்கினால் வாங்கினேன் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது, எப்படி எடுத்தார்கள்? அந்தப் பெண்ணை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். முள்ளெலியை வீட்டுக் கத்தியால் பிளந்தாள். எவர்சில்வர் கத்தி. எவர்சில்வரில் குரோமியமும் நிக்கலும் உண்டு. உப்புச் சாறும் மணலும் சேர்ந்து உரசும்போது அவை மாதிரிக்குள் போகும். மாதிரிகளைக் கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தது தகர வாளியில். வாளிக்குத் துத்தநாகப் பூச்சு. பிளந்தபின் அலசியது படகு நிற்கும் துறைத் தண்ணீரில். இனச்சுரப்பியைக் கரண்டியால் வழித்தபோது அதை ஒட்டிக்கிடக்கும் குடலும் மணலும் சேர்ந்தே வந்தன. ஆணும் பெண்ணும் ஒரே பொட்டலம். ஆக, அந்த ஒரு எண்ணுக்குள் முள்ளெலி, அதன் சாப்பாடு, கத்தி, வாளி, துறைத் தண்ணீர் எல்லாம் இருந்தன.

ஆர்செனிக் விஷயம் தனி. கடல் உயிரிகளில் இருக்கும் ஆர்செனிக்கில் பெரும்பகுதி ஆர்செனோபெட்டெய்ன் போன்ற கரிமச் சேர்மங்கள். உடம்பு அவற்றை அப்படியே வெளியேற்றிவிடும். நஞ்சு என்று அஞ்ச வேண்டியது கனிம ஆர்செனிக். மொத்த ஆர்செனிக்கை மட்டும் அளந்துவிட்டுப் பயப்படுவதில் பொருள் இல்லை. இரண்டு தலைமுறைக் கதைகள் ஆர்செனிக்கைக் கொலைக்கருவியாகவே காட்டிவிட்டதால் அந்தப் பெயருக்கு முன் யாரும் நிதானமாக நிற்பதில்லை.

நான்காவது, பருவம். இது எனக்கே உறைத்த இடம். கணக்குக்காக ஒரு முள்ளெலியின் இனச்சுரப்பியில் 2 மைக்ரோகிராம் காட்மியம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சுரப்பி நிறைந்து 4 கிராம் இருக்கும்போது கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். முட்டையையும் விந்தையும் வெளியேற்றிவிட்டுச் சுரப்பி சுருங்கி 1 கிராம் ஆகிவிட்டால், உள்ளே பாதி காட்மியம் தங்கினால்கூடக் கிலோவுக்கு 1 மில்லிகிராம். கடலில் ஒன்றும் மாறவில்லை, எண் இரட்டித்துவிட்டது. மாணவி கொண்டுவந்த சுரப்பிகள் மெலிந்து, பழுப்பேறிக் கிடந்தன என்று அவளே சொன்னாள். இனப்பெருக்கம் முடிந்த உடம்பு. எடுத்த நாளில் ஓட்டின் எடையையும் சுரப்பியின் எடையையும் குறித்து வைத்திருந்தால் இதைச் சரிசெய்திருக்கலாம்.

முகத்துவாரத்தின் கணக்கு

ஊரார் கேட்ட கேள்வி இதைவிடப் பெரியது. “ஆற்றில் மேலே சாயம் விடுகிறார்கள், தோல் கழுவுகிறார்கள். அதெல்லாம் இங்கேதானே சார் வந்து சேருகிறது?” நியாயமான கேள்வி. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்ந்தது ஊரறிந்த கதை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்ல நேர்ந்தது. ஈரோட்டுத் தோல் பதனிடும் தொழிலில் குரோமிய உப்பு உண்டு.

ஆனால் காவிரி அவ்வளவு நேரடியாகக் கடலுக்கு வருவதில்லை. முக்கொம்பில் பிரிகிறது, கல்லணையில் மறுபடி பிரிகிறது, வெண்ணாறு, புது ஆறு, வீரசோழனாறு, மஞ்சளாறு, அரசலாறு என்று விரல் விரித்து வயலுக்குள் போய்விடுகிறது. சாதாரண ஆண்டில் பூம்புகார் முகத்துவாரத்தில் ஆற்று நீர் கடலைத் தொடுவதே சில வாரங்கள்தான். வெள்ளம் வந்தால் பெரும்பங்கு கொள்ளிடம் வழியே ஓடிப் பழையாறு அருகே கடலில் விழுகிறது. வழியெங்கும் அணை, மதகு, வாய்க்கால், நாற்றங்கால். துகளோடு ஒட்டிய உலோகம் அங்கங்கே வண்டலாகப் படிந்துகொண்டே வருகிறது.

கடலைத் தொட்ட பிறகும் எல்லா உலோகமும் ஒரே மாதிரி நடப்பதில்லை. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் இடத்தில் இரும்பும் களிமண்ணும் திரண்டு அடியில் படியும்; ஈயமும் குரோமியமும் அவற்றோடு ஒட்டிக்கொண்டு சேற்றில் அடங்கும். காட்மியம் மட்டும் வேறு குணம். கடல் நீரின் குளோரைடு அதைத் துகளிலிருந்து பிடுங்கித் தன்னோடு கரைத்துக்கொள்ளும். எனவே முகத்துவாரச் சேறு ஈயத்தைச் சொல்லும், காட்மியத்தைப் பெரிதாகச் சொல்லாது. கரைந்துபோன காட்மியத்தைப் பாசி உறிஞ்சும், பாசியை முள்ளெலி தின்னும். டெல்டாவுக்குள்ளேயே அதற்கு ஒரு சிறு ஊற்று உண்டு: பாறைப் பாஸ்பேட்டிலிருந்து செய்யும் உரத்தில் இயற்கையாகவே கொஞ்சம் காட்மியம் இருக்கும். ஈரோட்டையும் திருப்பூரையும் கைகாட்டும்போது நம் வயலின் வடிகாலையும் நினைத்துக்கொள்ளலாம். ஜப்பானின் ஜின்சு ஆற்றுப் படுகையில் எலும்பு நொறுங்கும் இத்தாய் இத்தாய் நோய் வந்தது மீனால் இல்லை. சுரங்கக் கழிவு கலந்த ஆற்று நீர் பாய்ந்த நெல் வயலின் அரிசியால். 1968 இல் அந்நாட்டு அரசு அதை ஒப்புக்கொண்டது. நெல் மண்ணில் வாழ்கிறவர்கள் முள்ளெலியைவிட அந்தக் கதையை அறிந்திருப்பது நல்லது.

நீரோட்டத்திலும் நான் சறுக்கினேன். மறுபடி எடுக்கும்போது ஒப்பீட்டுக்குச் ‘சுத்தமான’ இடம் ஒன்று வேண்டும், முகத்துவாரத்துக்குத் தெற்கே எடுத்துக்கொள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். கிழக்குக் கரை நீரோட்டம் பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை வடக்கு நோக்கி ஓடும். வாடைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தெற்கே திரும்பும். ஆறு கடலில் விழுவது பெரும்பாலும் அந்த வாடைக் காலத்தில்தான். அதாவது நான் சுத்தம் என்று காட்டிய இடத்துக்குத்தான் கலங்கல் தண்ணீர் போகிறது. படகுக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். வலை எந்தப் பக்கம் இழுபடும் என்று ஐப்பசியில் அவர் வீட்டுச் சிறுவனுக்கும் தெரியுமாம்.

இரண்டாம் மாதிரி

மே மாதம் மறுபடி எடுத்தோம். மூன்று இடம்: ஊருக்கு எதிரே 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கொட்டிய கருங்கல் தடுப்பின் அடி; நண்டு வலை விடும் ஆறு பாக (ஏறத்தாழ பதினொரு மீட்டர்) ஆழம்; வடக்கே இன்னொரு இடம். பிளாஸ்டிக் கத்தி, நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் குப்பிகள். ஓடு தனி, குடல் தனி, சுரப்பி தனி. ஆண் தனி, பெண் தனி. ஒவ்வொன்றின் ஈர எடையையும் எடுத்த இடத்திலேயே குறித்தோம். குப்பியோ அமிலமோ தானே உலோகம் சேர்க்கிறதா என்று பார்க்க, வெறும் அமிலம் மட்டும் உள்ள ஒரு குப்பியும் கூடவே போனது. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் விற்கும் சிங்கி இறால் கணையப் பொடி உண்டு. அதில் எவ்வளவு உலோகம் என்பது சான்றோடு வரும். அதையும் சேர்த்து அளந்து பார்க்கும் ஆய்வகத்தில்தான் இம்முறை கொடுத்தோம். தெரிந்த பொடியில் சரியான எண் வராத கருவி, தெரியாத முள்ளெலியில் என்ன சொன்னாலும் நம்பிப் பயனில்லை.

முடிவு வந்தது. சுரப்பியில் காட்மியம் மூன்று இடத்திலும் ஈர எடைக் கணக்கில் வரம்புக்குக் கீழே. குடலில் அதைவிடப் பல மடங்கு. முதல் பொட்டலத்தில் குடல் கலந்தது என்ன செய்திருக்கும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை. குரோமியம் ஏறக்குறைய காணாமல் போயிருந்தது. துத்தநாகம் பெண்களில் மட்டும் உயர்ந்து நின்றது.

இதைப் பஞ்சாயத்தாரிடம் சொல்லும்போது அளவைக் கைக்கணக்காகச் சொன்னேன். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி ஒருவர் வாரத்துக்குத் தன் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் காட்மியம் வரை தாங்கலாம். 60 கிலோ ஆளுக்கு 150 மைக்ரோகிராம். சுரப்பியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் இருந்தாலும், அந்த ஒன்றால் மட்டும் அதை எட்ட வாரம் 150 கிராம் தின்ன வேண்டும். ஒரு முள்ளெலியில் கிடைப்பதோ சில கிராம். “நாம்தான் தின்பதில்லையே சார்” என்றார் ஒரு பெரியவர். உண்மை. ஆனால் நண்டைத் தின்கிறோம். நண்டின் வெள்ளைச் சதையில் காட்மியம் குறைவு; ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புக் குழம்பில், அதாவது அதன் ஈரலும் கணையமும் சேர்ந்த பகுதியில், மிக அதிகம். ஐரோப்பியச் சட்ட வரம்பு நண்டின் கால், கொடுக்கு இவற்றின் வெள்ளைச் சதைக்கே பொருந்தும். நாம் நண்டை உடலோடு இடித்து ரசம் வைக்கிறோம். சளி பிடித்தால் மாதத்தில் ஒரு நாள் குடிப்பதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன், நானும் குடிப்பேன். வாரம் நாலு நாள் பிள்ளைக்குப் பழுப்புக் குழம்பைப் பிசைந்து ஊட்டுவதைப் பற்றித்தான் யோசிக்கச் சொன்னேன்.

கல் தடுப்புக்குப் பின்னால்

அறிக்கையில் நாங்கள் தேடாத ஒன்று இருந்தது. ஈயம். சுரப்பியில் எங்கும் குறைவு. ஓட்டில் மட்டும், அதுவும் கல் தடுப்பு ஓரம் எடுத்தவற்றில் மட்டும், மற்ற இரண்டு இடத்தையும்விடத் தெளிவாக உயர்ந்திருந்தது. ஆறு கொண்டுவந்திருந்தால் வடக்கு இடத்திலும் தெரிய வேண்டும். துறையில் நிற்கும் படகு எஞ்சினா என்று முதலில் நினைத்தேன். ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000 ஆம் ஆண்டோடு போய்விட்டது.

மாணவிதான் கண்டுபிடித்தாள், தேடிக்கூட இல்லை. அவள் சித்தப்பா வீட்டுக் கொல்லையில் வலைக்கு ஈயக்குண்டு வார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய பேட்டரியை உடைத்து, தட்டுகளை இரும்புச் சட்டியில் போட்டு, கட்டை அடுப்பில் உருக்கி, அச்சில் ஊற்றுகிறார்கள். ஈயம் 327 டிகிரி செல்சியசில் உருகிவிடும், விறகடுப்பே போதும். மேலே மிதக்கும் கசடையும் சாம்பலையும் வாரிக் கல் இடுக்கில் கொட்டுவது வழக்கம். அலை அடித்துக்கொண்டு போய்விடும் என்று நினைப்பு. ஐந்தாறு வீட்டில் இதே வேலை, தலைமுறையாக. குண்டு விலைக்கு வாங்கினால் ஒரு வலைக்கு எவ்வளவு ஆகும் என்று சித்தப்பா என்னிடம் கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கும் பொய் இல்லை.

“ஈயம் கரையாது சார். கரைந்தால் வலையில் கட்டுவோமா?” என்றார். திரட்டி வார்த்த குண்டைப் பற்றி அவர் சொன்னதில் தவறில்லை. வருடக்கணக்கில் அது கடலில் கிடக்கும். ஆனால் பேட்டரித் தட்டில் இருப்பது வெறும் உலோகம் இல்லை. ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும் பசையாக அப்பியிருக்கும். காய்ந்தால் மாவு போன்ற தூள். அந்தத் தூளும் கசடும்தான் கல் இடுக்குப் பாசியில் படிகிறது, முள்ளெலி சுரண்டித் தின்கிறது. அதே தூள் கொல்லை மண்ணிலும் படிகிறது. அந்த மண்ணில் விளையாடுகிறது மூன்று வயதுப் பிள்ளை. பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளரும் வயதில் அது செய்யும் கேடு பிறகு திரும்புவதில்லை.

அன்று கொல்லையில் நின்றபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டு மாதமாகத் திருப்பூர், ஈரோடு என்று வரைபடத்தில் ஆற்றை மேலே மேலே தேடிப் போய்க்கொண்டிருந்தேன். அடுப்பு அலைக்கு முப்பது அடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது.

பஞ்சாயத்தார் இதை வேகமாக முடித்தார்கள். குடியிருப்புக்குள் ஈயம் உருக்கக் கூடாது. குண்டு வேண்டுமானால் சேர்ந்து மொத்தமாக வாங்குவது. பழைய பேட்டரியைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுப்பது. கொல்லையின் மேல்மண்ணை வாரி எடுத்து, புது மணல் பரப்பினார்கள். பிள்ளைகளின் ரத்தப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் மூலம் ஏற்பாடானது. சித்தப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டு, சட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்.

நவம்பர்

மாற்றம் ஓட்டில் தெரிகிறதா என்று அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பார்ப்பதாகத் திட்டம். அதற்குள் மழை வந்தது. முகத்துவாரம் உடைத்துக்கொண்டு ஓட, கரையோரம் பல நாட்கள் தண்ணீர் தேநீர் நிறத்தில் கிடந்தது. முள்ளெலியால் உப்பு குறைவதைத் தாங்க முடியாது. உடம்புக்குள் இருக்கும் நீரின் உப்பைக் கடலின் உப்பிலிருந்து தனியாகக் காத்துக்கொள்ளும் வசதி அதற்கு இல்லை. கடல் நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு. அது பாதியாகக் குறைந்தாலே அதற்கு உயிர்ப் பிரச்சினை. பிப்ரவரியில் கல் தடுப்பைக் குனிந்து குனிந்து தேடினோம். வெறும் ஓடுகள், முள் உதிர்ந்து, வெள்ளையாக. உயிரோடு ஒன்றுகூட இல்லை. ஆறு வந்து போகும் கரையில் முள்ளெலியைக் காவலுக்கு நிறுத்துவது சரிதானா என்று எனக்கு அப்போதுதான் சந்தேகம் வந்தது. மத்தியதரைக் கடலின் பாறைக் கரைக்குப் பொருந்திய சாட்சி, பருவமழைக் கழிமுகத்தில் கார்த்திகை வரைக்கும்தான் நிற்கிறது.

அந்தக் கற்களில் ஒட்டியிருந்தது ஆளி என்ற சிப்பி வகை. வெள்ளம் வந்தால் ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் பொறுத்திருக்கும். முள்ளெலியின் எண்ணோடு ஆளியின் எண்ணை ஒப்பிட முடியாது. துத்தநாகத்தையும் தாமிரத்தையும் ஆளி தன் இயல்பிலேயே அள்ளிக் குவித்து வைத்திருக்கும். ஆகவே கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்த ஆண்டு ஆளியை ஆளியோடு ஒப்பிடலாம். அந்தப் பெண் உளியால் பெயர்த்து எடுத்தாள். உளி இரும்பு ஆயிற்றே என்று நான் வாயைத் திறப்பதற்குள், “ஓட்டை மட்டும்தான் ஐயா இதால், சதைக்குப் பிளாஸ்டிக் கத்தி” என்றாள்.

பேருந்து நிலையத்தில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு குப்பியின் மேலும் இடம், தேதி, தண்ணீரின் உப்பு, எடை என்று எழுதியிருந்தாள். எடைக்குப் பக்கத்தில் அழியாத மையில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், ‘ஈரம்’.